நுரையின் வரலாறு

சிறுநீரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்பார் சிலர் இருக்கலாம். உடம்பைப் பற்றிப் பேச வெட்கப்படும் வழக்கம் நம்மவரை விட்டு இன்னும் ஒழிந்தபாடில்லை. நிற்க. சிறுநீரில் எழும் நுரையை மனிதன் எப்பொழுது கண்டான், அதன் பொருளை எப்பொழுது அறிந்தான் என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம். இவ்விரண்டும் வேறு வேறு காரியங்கள். இவற்றிற்கிடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றுவிட்டன.

கண்டவர்களில் நம் முன்னோர் பின்தங்கியவரல்லர். தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி நெய்க்குறி நூல், சிறுநீரில் நிறம், மணம், எடை, நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் நோக்கும்படி விதிக்கின்றது. முதல் நாள் காலந்தவறாது அளவாக உண்டு உறங்கி, விடியலில் இறங்கும் நீரைக் கண்ணாடிக் கலத்திற் பிடிக்க வேண்டும் என்பதும் அதன் முறை. இவ்விதியை நாம் மெச்சாதிருக்க முடியாது. இன்றைய மருத்துவரும் இச்சோதனைக்கு விடியற்கால நீரையே விரும்புகின்றனர். ஆனால் அடுத்த படியிலேயே வழி பிரிகிறது. அந்நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பென நெளிந்ததா, மோதிரமென வளைந்ததா, முத்தென நின்றதா என்று பார்த்து, வளி, அழல், ஐயம் என்னும் மூன்றில் எது மிகுந்தது என்று முடிவு கட்டினர். உடம்பினுள் எந்த உறுப்புப் பழுதுற்றது என்று திறந்து பார்க்கும் வழக்கம் அம்முறையில் இடம்பெறவில்லை.

கிரேக்கரும் இதற்கு மேற் செல்லவில்லை. ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் சூத்திரங்களிலே, சிறுநீரின் மேல் குமிழிகள் நிற்பின் சிறுநீரகத்தில் நெடுநாள் நோய் உண்டு என்ற கருத்துக் காணப்படுகின்றது. உறுப்பின் பெயர் சரியே; ஏன் என்ற கேள்விக்குத்தான் விடையில்லை. பிற்காலத்து ஐரோப்பாவிலோ, நோயாளியைக் காணாமலே குடுவையிலுள்ள நீரைத் தூக்கிப் பார்த்து நோயும் ஆயுளும் சொன்னவர்கள் மலிந்தனர். நம்மூர்க் குறிகாரருக்கு அவர்கள் சற்றும் இளைத்தவரல்லர்.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர் இருந்தார். முகமும் காலும் வீங்கி வந்தவர்களின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி, மெழுகுவர்த்திச் சுடரிற் காட்டினார். சிலருடைய நீர், முட்டையின் வெண்கரு வெந்தாற்போல் வெளுத்துத் திரண்டது. இது அவர் கண்டுபிடிப்பன்று. ஹாலந்தில் டெக்கர்ஸ் 1694இலும், அவருக்குப் பின் இத்தாலியிற் கொத்துன்யோவும் கண்டதே. பிரைட்டின் பெருமை கரண்டியில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. யாருடைய நீர் திரண்டதோ அவர் இறந்தபின் உடலைத் திறந்து, சிறுநீரகம் எந்நிலையில் இருந்தது என்று ஒவ்வொருவராகப் பதிந்து வைத்து, 1827இல் வெளியிட்டார். தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நமக்கு இதிலே தனி மகிழ்ச்சி உண்டு. ஆளுக்கொரு வரி வைத்துப் பிசகின்றிப் பதிந்தவன், பெரிய பண்டிதன் காணாததைக் காண்பான்.

திரண்ட பொருள் ஆல்புமின் என்னும் வெண்புரதம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை நன்றாயிருக்கும்வரை வெண்புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்திக்கொள்ளும். பழுதுற்றால் அது சிறுநீரிற் கசியும். வெண்கருவை அடித்தால் நுரைப்பதும், அச்சிறுநீர் நுரைத்து அந்நுரை நெடுநேரம் கலையாதிருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

ஏடு வைத்துப் பார்த்த இன்னொருவரைக் கிள்ளான் வாசிகள் அறிவர். மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராய் வந்தார். நகரிலும் புதிதாய்த் திறந்த துறைமுகத்திலும் மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. சதுப்பு வடிக்கப்பட்டது. அவ்விரு இடங்களிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வந்த காய்ச்சல்காரர் 1901இல் 610 பேர். 1905இல் 23 பேர். ஆனால் வடிகால் வெட்டப்படாத மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலே, 197 என்றிருந்த தொகை அதே காலத்தில் 353 ஆக ஏறிற்று. எவர் இருந்த இடத்திற்கு முதலில் வாய்க்கால் வந்தது என்பதை இவ்விரு வரிகளே சொல்லிவிடும்.

அக்காய்ச்சலுக்கும் நுரைக்கும் உறவு உண்டு. இடையில் இரண்டு நாள் விட்டு வரும் முறைக்காய்ச்சல், பிள்ளைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, வெண்புரதத்தை ஒழுகச் செய்து, உடம்பை வீங்க வைக்கும். நம்மைப்போலவே தோட்ட வேலைக்குக் கடல் கடந்த இந்தியர் வாழ்ந்த பிரிட்டிஷ் கயானாவில் ஜிக்லியோலி என்னும் மருத்துவர் இதை ஆராய்ந்து 1930இல் நூலாக்கினார். அங்கு மலேரியா ஒழிந்தபின் சிறுநீரக நோயும் குறைந்தது. வீங்கிய பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டிய தாய்மாரை நாம் குறைகூறோம். அவர்களுக்கு வேறென்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்று காய்ச்சல் போய்ச் சர்க்கரை வந்திருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; லயத்தை விட்டு நம்மவர் பெரும்பாலோர் நகரத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தனர். மலேசிய அரசாங்கத்தின் 2019ஆம் ஆண்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் நீரிழிவுக்காரர் நூற்றுக்கு 18.3, இந்தியருள் 31.4. இந்நாட்டிற் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் வாழ்வு அது. தினக்கூலிக்காரன் எப்படிக் கூலி ஈட்டுவான்?

நுரையைக் கண்டால் நம்மவர் சொல்வது ஒன்றே: “உடம்புச் சூடு.” உடனே இளநீர். சிறுநீரகம் பெரிதும் தளர்ந்தவனுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தவல்லது என்பதை அவர் அறியார். நுரைத்ததெல்லாம் நோயுமன்று, வேகமாய் இறங்கிய நீரும், தண்ணீர் குடியாதவனின் அடர்ந்த நீரும், கழிப்பறையில் ஊற்றிய சோப்பு மருந்தும் நுரைக்கும். நாள்தோறும் நுரைத்துக் கலையாது நிற்பதே ஐயத்திற்குரியது; முகமோ காலோ வீங்கினால் அன்றே செல்ல வேண்டும். சூல்கொண்ட பெண்ணுக்கு இது இரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கர்ப்பிணிகளின் சிறுநீரை ஒவ்வொரு முறையும் சோதிப்பது இதற்காகவே.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. வெண்புரதம் முதலிற் கசியும்போது நுரையே எழாது. அச்சிறு கசிவே பின்வரும் சிறுநீரக நோய்க்கு முன்னறிவிப்பு என்பதை 1982இல் வெளியிட்டவர்கள் பிரைட் உழைத்த அதே கைஸ் ஆஸ்பத்திரியார். நுரை கண்டபின் செல்வோம் என்றிருக்கும் நீரிழிவுக்காரன் பல ஆண்டுகளை வீணே கழித்தவனாகிறான். சாயக் காகிதக் கீற்றை நனைத்துப் பார்க்கும் சாதாரணச் சோதனைக்கும் அச்சிறு கசிவு தப்பிவிடலாம். ஆகவே ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவருக்கு ஆண்டுக்கொரு முறை இச்சோதனை தேவை. கசிவை வேளையில் அறிந்தால், சர்க்கரையையும் அழுத்தத்தையும் அடக்கி, அதற்கென்றுள்ள மாத்திரைகளால் சிறுநீரகத்தின் தேய்வைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட இயலும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமகன் மருத்துவரைப் பார்க்கக் கட்டுவது ஒரு ரிங்கிட். பிரிக்பீல்ட்ஸில் அந்த ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு குவளைத் தேநீரும் வாராது.