நீலகிரியும் கோதுமைத் துருநோயும்: எதிர்ப்புத் திறனின் வரலாறு

பயிரின் நோய் எதிர்ப்புத் திறன் தலைமுறை வழியாக இறங்கும் பண்பு என்பதை 1905-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் நிறுவினார். மஞ்சள் துருநோயைத் தாங்கும் தன்மை கோதுமையில் மெண்டலின் விதிப்படியே அமைகிறது என்பது அவர் கண்ட முடிவு. எதிர்ப்புள்ள இரகத்தை நல்விளைச்சல் இரகத்தோடு கலந்தால் துருநோய் தீரும் என்னும் நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது. அந்நம்பிக்கை முழுமையாக நிறைவேறாமைக்குரிய காரணத்தை இந்திய அனுபவத்தின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துருநோயை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. தண்டுத் துருப் பூஞ்சைக்குள் தோற்றத்தில் ஒத்தும் தாக்கும் திறனில் வேறுபட்டும் பல உள்ளினங்கள் இருப்பதை, 1910களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் எல்வின் ஸ்டாக்மன் காட்டினார். ஓர் உள்ளினத்தைத் தடுக்கும் மரபணு மற்றொன்றிடம் தோற்கலாம். எனவே, பூஞ்சை எங்கே தங்கி, எவ்வழியே பரவுகிறது என்பதையும் அறிய வேண்டியதாயிற்று.

இந்தியாவில் இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா. சமவெளியின் கோடை வெப்பத்தில் துரு வித்துகள் அழிந்துபோகின்றன. குளிர்ந்த மலைகளில் பருவம் தவறி வளரும் கோதுமையில் அவை பிழைத்து, மீண்டும் சமவெளியை அடைகின்றன என்று அவர் விளக்கினார். தெற்கே நீலகிரியும் பழனி மலையும் தண்டுத் துருவின் புகலிடங்களாயின. வங்கக் கடலில் எழும் புயல்கள் அவ்வித்துகளை மத்திய இந்தியாவுக்குக் கொண்டு செல்வதை 1970களின் ஆய்வுகள் தெளிவுபடுத்தின.

நீலகிரியின் வெலிங்டனில் 1954-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் அமைந்ததன் பொருத்தம் இப்பின்னணியில் விளங்கும். நோய் ஆண்டு முழுதும் தங்கும் மலையே, புதிய இரகங்களின் எதிர்ப்பைச் சோதிக்கும் களமாயிற்று.

1998-இல் உகாண்டாவில் காணப்பட்ட ‘யூஜி 99’ என்னும் உள்ளினம் இவ்வரலாற்றின் பாடத்தை மீண்டும் உணர்த்தியது. ரை தானியத்திலிருந்து பெறப்பட்டுப் பல நாடுகளின் கோதுமை இரகங்களில் இடம்பெற்றிருந்த ‘எஸ்ஆர் 31’ மரபணுவை அது வென்றது. மாறாக, எம்மர் கோதுமையிலிருந்து மெக்ஃபேடன் கொணர்ந்த ‘எஸ்ஆர் 2’ நோயை முற்றிலும் தடுப்பதில்லை. அதன் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. எனினும், பல பத்தாண்டுகளாக அது பயன் தந்துவருகிறது. இத்தகைய மரபணுக்கள் பலவற்றை ஒரே இரகத்தில் சேர்க்கும் முயற்சி இதன் விளைவாகவே வலுப்பெற்றது. ஒற்றை மரபணுவை நம்பிப் பரந்த நிலத்தில் பயிரிடுவது, பூஞ்சையின் அடுத்த மாற்றத்திற்கு வழிதிறந்து வைப்பதாகும் எனலாம்.