முதற்கல் எறிந்தவர்கள்

சர்வர் கூடங்களில் மின்கட்டணம் ஒரு பெருஞ்செலவு. அதனைக் குறைக்க எழுந்த போட்டியில், வென்றவரோடு வழியமைத்தவரையும் நாம் நினைத்தல் தகும்.

1985இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடித்த ஏஆர்எம் நுண்செயலி மிகச் சொற்ப மின்சாரத்தில் இயங்கியது. பின்னாளில் அதன் வழித்தோன்றல்கள் கைப்பேசிகளை ஆண்டன; சர்வர்களிலோ இன்டெல்லின் எக்ஸ்86 கட்டமைப்பே கோலோச்சியது.

அதனை எதிர்க்க 2008இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் ஒரு சிறு நிறுவனம் பிறந்தது. கோலியாத்தை வீழ்த்திய தாவீதின் கல்லை நினைவூட்டும் 'ஸ்மூத் ஸ்டோன்' என்பது அதன் முதற்பெயர்; பின்னர் கால்செடா ஆயிற்று. 2011இல் எச்பி அதனோடு கைகோத்தது. ஆயினும் அதன் முதற்சில்லுகள் 32 பிட். 4 ஜிபி நினைவகமே எல்லை. 2012 டிசம்பரில் இன்டெல், குறைமின் சர்வர்களுக்கென 64 பிட் ஆட்டம் சில்லினை வெளியிட்டது. 2013இல் எச்பியின் மூன்ஷாட் சர்வர் ஆட்டத்தைத் தாங்கியே சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு இறுதியில் கால்செடா மூடப்பட்டது.

2018இல் அமேசான், தன் கணினிக் கூடங்களுக்கெனத் தானே வடித்த கிராவிட்டானை அறிமுகம் செய்தது. அதுவும் ஏஆர்எம்தான், ஆனால் 64 பிட். வாங்குவோரைத் தேடி அலையும் கவலையும் அதற்கு இல்லை.

கோலியாத் வீழ்ந்துவிடவில்லை, எனினும் தனியாட்சி போயிற்று. முதற்கல் எறிந்தவரின் குறி தவறவில்லை, எறிந்த பொழுதுதான் முந்திவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.