கஞ்சிக்கு விலை மானம்

1845. இங்கிலாந்தில் ஆண்டோவர் என்கிற ஊர். அங்கே ஏழைகள் விடுதியில் இருந்தவர்களுக்கு உரத்துக்காக எலும்பு இடிக்கிற வேலை. பசி தாங்காமல் அந்த அழுகின எலும்பில் ஒட்டியிருந்ததை உறிஞ்சித் தின்றார்கள். அதற்கும் அடிதடி. இது கட்டுக்கதை இல்லை, 1846இல் நாடாளுமன்றக் குழு விசாரித்த விஷயம். அந்த நாட்டுப் பராமரிப்புச் சட்டங்களை நான் இந்த எலும்பிலிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன்.

1834 ஏழைச் சட்டத்தின் கணக்கு இதுதான்: விடுதிக்குள் இருக்கிறவன் நிலை, வெளியே உழைக்கிற கடைசிக் கூலியின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எவனும் உதவி கேட்டு வரமாட்டான். புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். உடம்பில் விடுதிச் சீருடை. நிவாரணம் வாங்கினவனுக்கு ஓட்டு கிடையாது. 1918 வரைக்கும் அப்படித்தான். கஞ்சி ஊத்தினவன் கணக்கில் இது தர்மம். குடித்தவன் கணக்கில்?

1948இல் தேசிய உதவிச் சட்டம் வந்து ஏழைச் சட்டத்தை முடித்து வைத்தது. சட்டம் செத்தது, கட்டிடம் சாகவில்லை. அதற்குப் பத்து வருஷம் கழித்தும் வயசானவர்கள் பலர் அதே பழைய விடுதிகளில் கிடந்தார்கள். பீட்டர் டவுன்சென்ட் நேரில் போய்ப் பார்த்து 1962இல் புத்தகமாகப் போட்டார்.

பிறகு 2014 பராமரிப்புச் சட்டம். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதரின் நல்வாழ்வை வளர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்கிறது அதன் முதல் பிரிவு. நல்வாழ்வு என்றால் எது எது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் நிற்பது சோறு இல்லை, மருந்து இல்லை; கண்ணியம், மரியாதையாக நடத்தப்படுவது. தன் நலம் எதுவென்று சொல்லத் தகுந்த ஆள் அவரேதான் என்ற எண்ணத்தோடுதான் அதிகாரி ஆரம்பிக்க வேண்டும். 1834ஐப் படித்துவிட்டு இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஏமாந்துவிடவும் கூடாது. பராமரிப்புக்காக ஒருவர் ஆயுளில் கட்டுகிற பணத்துக்கு அதே சட்டம் உச்சவரம்புக்கு வழி செய்தது. முதலில் 72,000 பவுண்டு என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். பிறகு 86,000 என்றார்கள், 2024இல் கைவிட்டே விட்டார்கள். மரியாதையை எழுதின கை, காசு என்றதும் பின்னால் போய்விட்டது.

இருந்தாலும் அந்த முதல் பிரிவை நான் லேசாக நினைக்கமாட்டேன். கடமை என்று எழுதிவிட்டால் கேள்வி கேட்கலாம், வழக்குப் போடலாம். தர்மத்தின்மேல் எவன் வழக்குப் போட முடியும்? கும்பிடத்தான் முடியும்.