இளம்பிள்ளை வாத ஒழிப்பில் ரோட்டரி: நன்கொடைக் கணக்கில் அடங்காத பங்கு

2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தையை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் ஏற்பட்ட கடைசிப் பாதிப்பு அதுவே. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 2009இல், இந்நாட்டில் 741 பேர் பாதிக்கப்பட்டிருந்தனர். உலகப் பாதிப்பில் ஏறத்தாழப் பாதி அது. இந்த வெற்றியைப் பற்றிய பேச்சில் ரோட்டரி சங்கம் பெரும்பாலும் ஒரு நன்கொடையாளராக மட்டுமே இடம்பெறுகிறது. ஆயின் அதன் பங்கைப் பணத்தால் மட்டும் அளந்தால் வரலாற்றின் முக்கியப் பகுதி விடுபட்டுப்போகும்.

1905இல் சிகாகோவில் தோன்றிய ரோட்டரி, 1919இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் கால்கொண்டது. 1917இல் அதன் தலைவர் ஆர்ச் கிளம்ஃப் ஓர் அறநிதியை முன்மொழிந்தார். அதற்குக் கிடைத்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். நெடுங்காலம் ஒவ்வொரு சங்கமும் தன் ஊர்த் தேவைகளையே முதன்மையாகக் கவனித்து வந்தது. 1978இல் உடல்நலம், பசி, மானுடம் என்னும் மூன்றையும் முன்னிறுத்திய திட்டம் தொடங்கப்பட்டது. அதன்வழி 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் 60 இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்க 7,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. ஒரு நாடு முழுவதற்குமான பணியில் சங்கங்களால் ஈடுபட இயலும் என்பதை அம்முயற்சி காட்டியது.

1985இல் ‘போலியோ பிளஸ்’ அறிவிக்கப்பட்டபோது 12 கோடி டாலர் இலக்காக வைக்கப்பட்டது; 1988க்குள் 20 கோடி டாலருக்கும் அதிகமாகத் திரண்டது. அதே ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை போலியோவை உலகினின்றே ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு தன்னார்வ அமைப்பு திரட்டிய நிதி, அரசுகளின் உறுதிமொழிக்குத் துணைநின்ற அரிய தருணம் அது.

இந்தியாவில் 1994 அக்டோபர் 2 அன்று தில்லி அரசு ஒரே நாளில் நகர்க் குழந்தைகளுக்கெல்லாம் மருந்து புகட்டும் முறையைக் கையாண்டது. 1995 டிசம்பரில் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. முகாம் அமைத்தல், விளம்பரம், மருந்தைக் குளிர்நிலையில் வைக்கும் பெட்டிகள், தன்னார்வலரைத் திரட்டுதல் எனச் சங்கங்கள் பல பணிகளை ஏற்றன. நோய் வேகமாகக் குறைந்தது.

ஆனால் 2002இல் பெருந்தடை நேர்ந்தது. அவ்வாண்டில் 1,600 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 1,200க்கும் மேற்பட்டோர் உத்தரப் பிரதேசத்தினர். சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி அம்மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில் பரவியிருந்தது. அதை வெறும் அறியாமை என ஒதுக்குவது எளிது. குடிநீரும் கழிவுநீர் வசதியும் கேட்டுக் கிடைக்காத மக்களிடம், கேளாத ஒரு மருந்து மட்டும் மீண்டும் மீண்டும் வாசல் தேடி வந்தது. ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

பணத்தால் தீராத சிக்கல் அது. ரோட்டரி அங்கு இசுலாமியச் சமய அறிஞர்களைக் கொண்ட குழுவை அமைத்தது. மக்கள் மதிப்புக்குரியவர்கள் மருந்துக்குச் சான்று பகர்ந்தனர். யுனிசெஃப் அமைப்பு அந்தந்தப் பகுதிப் பெண்களையே வீடுவீடாகப் பேச அனுப்பியது. மறுத்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2010இல் அறிமுகமான இருவகை வைரஸ்களுக்கு எதிரான மருந்தும் துணைசெய்ய, அவ்வாண்டில் பாதிப்பு 42ஆகக் குறைந்தது.

பெருமையைப் பங்கிடுகையில் நேர்மை வேண்டும். இந்தியத் திட்டத்தின் செலவில் பெரும்பகுதியை ஏற்றது இந்திய அரசு. நாடளாவிய ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து சென்று சேர்ந்தது 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளரின் உழைப்பால். அவர்களுள் குறைந்த ஊதியம் பெறும் அங்கன்வாடிப் பெண்களும் ஆஷா பணியாளர்களும் மிகப் பலர். ஒரு நோயின்மீதே கவனம் குவிந்ததால் பிற தடுப்பூசிப் பணிகள் பின்தங்கின என்ற விமரிசனமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

அவ்வாறாயின் சங்கத்துக்கே உரிய பங்கு யாது? விடாமுயற்சி எனலாம். ரோட்டரியில் ஒவ்வொரு ஜூலை முதல் நாளும் தலைவர் மாறுவார். புதியவர் புதிய திட்டத்தையே விரும்புவது இயல்பு. ஆயினும் 1985இல் ஏற்ற ஒரே இலக்கை அவ்வமைப்பு தலைமுறை கடந்தும் கைவிடவில்லை. கேட்ஸ் அறக்கட்டளை 2007இலும் 2009இலுமாக 35.5 கோடி டாலர் அளித்தபோது, தன் பங்காக 20 கோடி டாலர் திரட்ட ஒப்பி, 2012 தொடக்கத்தில் அதை நிறைவேற்றியது. ஆட்சிகள் மாறின, அதிகாரிகள் மாறினர். நினைவூட்டும் குரல் மட்டும் ஓயவில்லை.

2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதென்று சான்றளிக்கப்பட்டது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பணி இன்னும் முடியவில்லை. அறநிதியைத் திரட்டுவது அறப்பணியின் முதற்படி. ஐயுறும் தாயொருத்தியின் வாசலில், அவள் நம்பும் ஒருவரோடு சென்று நிற்பதே அதன் கடினமான படி. உத்தரப் பிரதேசம் உணர்த்திய பாடம் அது.