தர்ப்பணத்தில் வராத பெயர்கள்

சில வருஷங்களுக்கு முன் மல்லேஸ்வரத்தில் எங்கள் உறவினர் ஒருவரின் சஷ்டியப்தபூர்த்தி. நான்கு தலைமுறையினர் கூடியிருந்தோம். பணி ஓய்வுக்குப் பின் நான் பாடுபட்டுத் தயாரித்த வம்ச விருக்ஷத்தைச் சுவரில் மாட்டி, எட்டுத் தலைமுறை என்று பெருமையுடன் விளக்கினேன். எண்பத்தெட்டு வயதான என் அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "இதிலே எங்கம்மாவைப் பெத்த பாட்டி எங்கேடா?" என்றாள்.

அந்தப் பாட்டி அதில் இல்லை. என் தகப்பனார் இருந்தவரை அவருடைய தர்ப்பணத்தில் மாதாமஹி என்று அவள் பெயர் வந்தது. அவர் காலத்துக்குப் பின் கர்த்தாவான எனக்கு அந்தப் பெயர் வரவில்லை.

அன்பர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தர்ப்பணத்தில் நாம் சொல்வது 12 பெயர்கள். தகப்பனார் வழியில் மூன்று தலைமுறை, அவரவர் பத்தினிகள். தாயாரின் பிறந்தகத்தில் மூன்று தலைமுறை, அவரவர் பத்தினிகள். ஆனால் ஒவ்வொருவருக்கும் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டிகள் மொத்தம் 8 பேர். அவர்களில் 4 பேர்தான் இந்தப் பன்னிரண்டில் அடங்குவர். இரண்டு பாட்டிகளையும் பெற்றவர்களான மற்ற 4 பேருக்கு இடமில்லை. சாஸ்திரத்தைக் குறை சொல்வதல்ல என் நோக்கம். தர்ப்பணம் பித்ரு கடன். அதையே குடும்ப வரலாறு என்று நாம் எண்ணிவிட்டோம், அவ்வளவுதான்.

வரலாற்றைக் காப்பாற்றியவர்கள் எப்படிச் செய்தார்கள்? நாம் வாழும் கர்நாடகத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹாசன், மைசூர், சிவமொக்கா மாவட்டங்களில் பல தலைமுறைகளாக வாழும் சங்கேதி பிராமணர்கள், செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு. சங்கீத வித்வான் ஆர்.கே. ஸ்ரீகண்டன் (1920–2014) பிறந்த ருத்ரபட்டணம் அவர்களுடைய ஊர்களில் ஒன்று. வீட்டில் அவர்கள் பேசும் மொழியில் தமிழின் சாயலை இன்றும் கேட்கலாம். ஊரை விட்டு அவர்களை அழைத்து வந்தவள் நாச்சாரம்மா என்ற கற்றறிந்த பெண்மணி என்றும், அவளுக்கு நேர்ந்த அவமானமே காரணம் என்றும் கதை சொல்வார்கள். ஊரும் பெண்ணும் காரணமும் நினைவில் நின்றன. ஆனால் எந்த ஆண்டு என்பதில் ஒருமித்த கருத்தில்லை. செவிவழிச் செய்தியின் பலமும் பலவீனமும் இதுவே.

இதற்கு மறுபக்கம் ஹரித்துவாரில் உள்ளது. அங்குள்ள பண்டாக்கள் 'பஹி' எனப்படும் பேரேடுகளில் யாத்திரிகர்களின் வம்சாவளியை ஊர்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். குடும்பத்தார் யார் சென்றாலும் புதிய பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றைப் பதிந்து கையொப்பமிடுவது வழக்கம். அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் இவற்றில் பலவற்றை நுண்படம் எடுத்திருக்கிறது. இங்கே பெயர்கள் தப்பின. ஆனால் அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பேரேடு சொல்லாது.

நமக்கு இரண்டும் வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் சுப்ரமணியனும் ராமசாமியும் மாறி மாறி வருவார்கள். வருஷம் குறிக்காவிட்டால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவர். தமிழ் வருஷம் மட்டும் எழுதினாலும் போதாது. 'ரக்தாக்ஷி' என்றால் 1864ஆ, 1924ஆ, 1984ஆ? அறுபது வருஷச் சுழற்சி குழப்பிவிடும். பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்பதைவிட, "1924 காவேரி வெள்ளத்துக்கு முன்பா, பின்பா என்று உங்கள் அம்மா சொன்னாளா?" என்று கேட்டால் பதில் வரும். வீட்டில் அழைத்த பெயர், சர்மப் பெயர், பெண்களின் பிறந்தகத்து ஊர் ஆகிய மூன்றையும் தவறாமல் எழுதுங்கள்.

அன்று அத்தை சொல்லச் சொல்ல அழைப்பிதழின் பின்புறத்தில் எழுதினேன். முப்பது வயதுக்குள் கணவரை இழந்த அந்தப் பாட்டி, அப்பளம் இட்டு விற்றுக் குழந்தைகளை வளர்த்தாள். அதில் ஒரு பெண்தான் என் தகப்பனாரின் தாயார். அந்த அப்பளக் காசு இல்லாவிட்டால் நான் மாட்டிய விருக்ஷத்தில் நாங்கள் யாருமே இருந்திருக்க மாட்டோம்.

அடுத்த ஆவணியில் அத்தை காலமானாள். அந்தப் பாட்டியின் பெயர் தெரிந்த கடைசி மனுஷி அவள்தான்.

உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்தில், சாப்பாடு ஆனதும் வயதில் மூத்தவர் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள்.