தராசைப் பார்ப்பது யார்?

தில்லிக்கு வந்த புதிதில், மண்டிச் சட்டம்தான் விவசாயியைக் கட்டிப் போட்டிருக்கு என்று நண்பர்கள் சொல்வார்கள், நானும் தலையாட்டியவன். வரலாற்றைப் புரட்டியபோது கதை வேறாக இருந்தது.

1897-இல், இன்றைய விதர்பாவிலுள்ள பேராரில் ஒரு சந்தைச் சட்டம் வந்தது, இங்கிலாந்து ஆலைகளுக்கு நல்ல பருத்தி கிடைப்பதற்காக. உழவனை நினைத்தது பிறகுதான். எடையில் ஏய்ப்பு, நம்மூர் மகமை போல தர்மக் கணக்கில் பிடித்தம், துணிக்கடியில் விரல் தொட்டு விலை பேசுதல் எல்லாம் அன்று நடந்தன. அரச வேளாண் ஆணையம் 1928-இல் ஒழுங்குமுறைச் சந்தைகளைப் பரிந்துரைத்தது. 1939-இல் பஞ்சாபில் அமைச்சர் சர் சோட்டு ராம் அதைச் சட்டமாக்கினார்.

நாளடைவில் மண்டிக்குள்ளேயே தரகர் ஆதிக்கம் வேரூன்றியது, மறைப்பானேன்? பீகார் 2006-இல் சட்டத்தையே நீக்கியது. எதிர்பார்த்த தனியார் சந்தைகள் பெருகவில்லை. சிறு விவசாயி ஊர் வியாபாரியிடமே, பல நேரம் ஆதார விலைக்குக் கீழே, நெல்லைத் தள்ளினார். 2020-இல் மத்திய அரசு மூன்று சட்டங்களைக் கொண்டுவந்தபோது, தில்லி எல்லையில் ஓராண்டு உட்கார்ந்தவர்கள் இந்தப் பீகார் பாடத்தைத்தான் சுட்டிக் காட்டினார்கள். 2021-இல் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நில உடைமைகளில் 86 விழுக்காடு 2 ஹெக்டேருக்கும் குறைவு. அஞ்சு மூட்டை நெல்லோட நிற்கிறவர் யாரிடம் பேரம் பேசுவார்? மண்டியைத் திருத்தலாம், தராசைப் பார்க்க ஆளே இல்லாமல் பண்ணிவிடக் கூடாது.