கல்லில் நின்ற இசையும் படத்தில் நின்ற பறவையும்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், குன்றைக் குடைந்து அமைத்த மேலைக்கோயிலின் அருகே, பாறைமுகத்தில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. கி.பி. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் அக்கல்வெட்டில் சுர வரிசைகள் 7 பகுதிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மாணாக்கர் நலங்கருதி அரசன் ஒருவன் செய்வித்தது என அக்கல்வெட்டே உரைக்கின்றது.

தோன்றிய கணத்திலேயே மறைவது ஒலி. அதனை அழியாத கல்லில் நிறுத்த முயன்ற பெருமுயற்சி அது. கல் நிலைத்தது; எழுத்தும் நிலைத்தது. ஆயினும் அவ்விசை அன்று எவ்வாறு ஒலித்தது என்பதில் அறிஞர்கள் இன்றளவும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பதிவு எஞ்சிற்று, அதனைப் பாடிக் காட்டிய வழக்கு மறைந்தது. கானுயிர்களையும் நிலக்காட்சிகளையும் ஒளிப்படத்தில் பதித்தோரின் வரலாற்றை நோக்குவார்க்கும் இவ்வுண்மை வழிகாட்டும்.

குன்றும் பறவையும்

தென்னாட்டு ஒளிப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே புதுக்கோட்டைச் சீமை இடம்பெற்றுவிடுகின்றது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பெற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய இடங்களிற் படமெடுத்தார். புதுக்கோட்டைக் காட்சிகள் தனித்தொகுதியாக 1858இல் வெளிவந்தன. மதுரை யானைமலையை அவர் எடுத்த படம் இன்றும் போற்றப்படுகின்றது.

கோயிலும் கோட்டையும் குன்றும் அவருக்கு வசப்பட்டன. ஏனெனில், அவை அசையாதவை. மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படிமம் எடுக்கும் அக்கால முறைக்கு நெடுநேர ஒளி தேவைப்பட்டது. காற்றில் ஆடிய மரக்கிளையும் மங்கலாகவே பதியும். வானத்து மேகங்களைக்கூட எதிர்ப்படிமத்தின்மீது தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார் டிரைப். அத்தகைய கருவியின்முன் பறக்கும் குருவி பதியுமாறு எங்ஙனம்? பெருஞ்செலவு எனக் கருதிய ஆளுநர் டிரெவெல்யன் 1859இல் அப்பணியை நிறுத்திவிட்டார்.

பறவையைப் படத்தில் நிறுத்த மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் கியர்ட்டன் உடன்பிறப்பினர் இயற்கைச் சூழலில் எடுத்த படங்களைக் கொண்டே பறவைக் கூடுகளைப் பற்றிய நூலை 1895இல் வெளியிட்டனர். இந்தியாவில், வட மாகாணத்து வன அலுவலர் எஃப். டபிள்யூ. சாம்பியன், காட்டுப்பாதையில் கம்பி கட்டி, அதிற் கால்பட்ட புலி தானே தன்னைப் படமெடுத்துக்கொள்ளுமாறு செய்தார். அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. வேட்டையே வீரமெனக் கொண்டாடப்பட்ட காலத்தில், துப்பாக்கி ஏந்திய கைகளிடையே அவர் கருவியை ஏந்தினார்.

மா. கிருஷ்ணன்

தமிழ்நாட்டில் இக்கலையைத் தம் வாழ்வாகவே கொண்டவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையாவின் மைந்தராக 1912இல் பிறந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே புலமை வாய்ந்த அவர், 1950 முதல் 1996 பிப்ரவரியில் மறையும்வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை குறித்த தொடரை இடையறாது எழுதிவந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே பொருளில் நிலைத்து நின்ற எழுத்தாளர் மிகச் சிலரே. நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே ஒரு கருவியை அமைத்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என வேடிக்கையாகப் பெயரிட்டார். நடந்தும், பழக்கிய யானைமீது அமர்ந்தும் காடுகளிற் சுற்றிய அவர் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். யானை, காட்டெருது முதலிய பெருவிலங்குகளில் அவர் காட்டிய அக்கறையைத் தோட்டத்துக் காக்கையிடத்தும் அணிலிடத்தும் காட்டினார். அவர் எழுத்தும் படமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. விலங்கு எங்கே நின்றது, எதனை உண்டது, எவ்வாறு நடந்துகொண்டது என்பதை எழுத்து கூறிற்று. அதன் தோற்றத்தைப் படம் காட்டிற்று. குடுமியான்மலைக் கல்வெட்டுக்கு வாய்க்காத விளக்கம் இப்படங்களுக்கு வாய்த்தது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை அவர் மறைவுக்குப்பின் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் தொகுத்தளித்தார்.

திணை மரபு

இம்முறை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் விலங்கையும் புள்ளையும் கருப்பொருளாக வகுத்து, அவற்றை நிலத்தோடும் பொழுதோடும் பிணைத்தார். மந்தியும் மயிலும் குறிஞ்சிக்கு உரியன. நாரையும் அன்றிலும் நெய்தலின. நிலத்தினின்று பிரித்தெடுத்த உயிர் சங்கப் புலவர்க்குப் பாடுபொருளாவது அரிது. கிருஷ்ணனின் படங்களிலும் விலங்கு தன் காட்டோடும் புல்லோடும் ஒளியோடுமே நிற்கின்றது. சங்க இலக்கியத்தில் தோய்ந்த அவருடைய உள்ளத்தை அப்படங்களிற் காண்பது மிகையாகாது.

இழப்பின் சான்று

திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து அர்ச்சகரிடம் உணவு பெற்ற மஞ்சள்முகப் பாறுகளை நாடறியும். அக்காட்சி அஞ்சலட்டைப் படமாகவும் உலவியது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வரவு நின்றுவிட்டது. அதே காலத்தில் நாடெங்கும் பாறு இனங்கள் அழியத் தொடங்கின. கால்நடைகளுக்கு அளித்த டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் பிணத்தை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004இல் நிறுவப்பட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. நேற்றுவரை எளிய காட்சியாக இருந்தது இன்று அரிய ஆவணமாகிவிட்டது. எளியதெனக் கருதி எவரும் பதியாது விட்டவை எத்துணையோ!

நிறைவாக

ஒளிப்படக் கருவி இன்று எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. படங்கள் பெருகியுள்ள அளவுக்கு, இடமும் பருவமும் பெயரும் குறித்த சொற்கள் பெருகவில்லை. ஊரார் வழங்கும் பறவைப் பெயர்கள் முதியோருடன் மறைந்து வருகின்றன. அவற்றைக் கேட்டெழுதிப் படத்துக்குத் துணையாக்கும் பொறுப்பு கவிஞர்க்கே உரியது. சொல்லைத் துணைக்கொள்ளாத படமும், குடுமியான்மலைச் சுரங்களைப் போல, ஒருநாள் கண்ணுக்குத் தெரிந்தும் செவிக்கு எட்டாததாகிவிடும்.